ஒச்சைக்காரி

எங்கள் தெருவுக்கு மீன் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே சத்தம் வந்து சேரும். அவள் பழையாற்றுப் பாலத்தில் ஏறும்போதே தொடங்கிவிடுவாள். நாலு தெரு தள்ளி எங்கள் அடுக்களையில் என் மாமியார் தேங்காய் துருவ உட்காருவாள். என்ன மீன், எப்போது கரை சேர்ந்தது, நேற்று வாங்கிய வீட்டில் என்ன குறை சொன்னார்கள் என்பதெல்லாம் பாலத்திலிருந்தே தெரிந்துவிடும்.

"அயிலை கொஞ்சம் வாடிப் போச்சு மக்களே, பொய் சொல்ல மாட்டேன். சாளை வாங்குங்க, துள்ளுது!"

தன் சரக்கைத் தானே குறை சொல்லி விற்ற ஒருத்தியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவள் பெயர் எனக்குத் தெரியாது. ஒச்சை என்றால் எங்கள் பக்கத்துப் பேச்சில் சத்தம். நாகர்கோவில் முழுக்க அவளுக்கு ஒச்சைக்காரி என்றே பெயர். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டாள். நெடுநெடுவென்ற உயரம். தலையில் மீன் சுமக்கும் ஓலைக் கடவம், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. முகம் நிறைய அம்மைத் தழும்பு. கன்னத்தில் ஒரு விரல் வைக்க வழவழப்பான இடம் கிடையாது. கடற்கரையிலிருந்து தினமும் ஐந்து மைல் நடந்து வருவாள். களைத்து வந்தாலும் குரல் மட்டும் களைக்காது.

மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. நான் கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கையை வாயருகே குவித்து, ரகசியம் பேசுகிற பாவனையில் என் மாமியாரிடம் கேட்டாள்:

"மருமவ நல்ல லெட்சணம். ஆனா இப்பிடி மெலிஞ்சு கெடக்காளே யம்மா, சோறு போடுகதில்லியா?"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். தெருக்கோடியில் வண்டி மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். என் மாமியார் முகம் சிவந்து உள்ளே போய்விட்டாள். ஆனால் அன்று மத்தியானம் என் இலையில் விளமீனின் நடுத்துண்டு விழுந்தது. அதன்பிறகு எப்போதும் எனக்குத்தான் நடுத்துண்டு.

இன்னொன்றை அவளே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவள் ஊர்க் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனால் சாமியாருக்குத் தர்மசங்கடமாம். இந்தப் பக்கம் மண்டியிட்டு அவள் சொல்லுகிற பாவம் முழுவதும் வாசலில் வலை உலர்த்துகிறவர்களுக்குக் கேட்கும். "நீ எல்லாருக்கும் முன்னால, விடியக்காலத்துல வந்துரு" என்று அவர் நேரம் மாற்றிக் கொடுத்தார். மறு வாரம் விடியற்காலையில் கோயில் வாசலில் வழக்கத்தைவிடக் கூட்டமாம்.

"நான் என்ன செய்வேன் மக்கா? கடலுக்குப் பக்கத்துல பொறந்து வளந்தவ. பைய பேசினா அலை எடுத்துட்டுப் போயிரும். என் அப்பன் கட்டுமரத்துல போகும்ப கரையில நின்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு எடுத்த தொண்டை இது."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனியில், பட்டணத்தில் பெரியம்மை விழுந்தது. முதலில் சந்தைப் பக்கம் இரண்டு வீடு. பிறகு தெருவுக்குத் தெரு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. நகரசபைக்காரர்கள் சந்தையை அடைத்தார்கள். பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். கொட்டகை போட்டு நடந்துகொண்டிருந்த நாடகம் பாதியில் நின்றது, ராஜா வேடம் போட்டவர் மீசையோடே ஊருக்கு பஸ் ஏற ஓடினதாகச் சொல்லிச் சிரித்தார்கள். ஓடைகளில் சுண்ணாம்பு தூவினார்கள். நோய் வந்த வீடுகளில் கந்தகம் புகைத்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து ஓர் இளம் சுகாதார ஆபீசர் வந்தார். அவரோடு அம்மை குத்துகிற நாலு பேர் பெட்டியோடு தெருத் தெருவாக நடந்தார்கள்.

நடந்து என்ன பயன்? பெட்டியைக் கண்டதும் கதவுகள் சாத்திக்கொண்டன. முத்தாரம்மன் முத்துப் போட்டு விளையாடுகிறாள், ஊசி குத்தினால் அவளுக்குக் கோபம் வரும் என்று பயம். தம்பட்டம் அடித்து அறிவிக்கப் போனவர், நோய் வந்த தெரு என்றால் முனையிலேயே நின்று இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திரும்பினார்.

அப்போதுதான் ஒச்சைக்காரியைப் பாலத்தில் மறித்தார்கள். நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் அவள் பேசியது நாலு தெருவுக்கும் கேட்டது, ஆபீசர் பேசியதைப் பிறகு ஊர் சொல்லித் தெரிந்துகொண்டோம்.

"மீனும் கொண்டு பட்டணத்துக்குள்ள போகக் கூடாது, கேட்டோ. சந்தை அடச்சாச்சு."

"சந்தைய அடச்சா அடச்சிட்டுப் போங்க. வயித்த அடைக்க முடியுமா சாறே? என்னை நல்லாப் பாரும். இந்த மூஞ்சியப் பாத்தா இனி எந்த அம்மையும் பக்கத்துல வராது. எனக்கு எட்டு வயசுல வந்து போயாச்சு!"

ஆபீசர் அவளைப் பார்த்தாராம். பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தாராம். ஊசிப் பெட்டிக்குத் திறக்காத ஜன்னல்கள் எல்லாம் அவள் சத்தத்துக்குத் திறந்து, எல்லாத் தலைகளும் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனவாம். மனுஷர் கெட்டிக்காரர். அங்கேயே அவளை நகரசபை வேலைக்கு வைத்துக்கொண்டார். மத்தியானச் சோறும் கருவாடு விற்க அனுமதியும் அவள் கேட்ட நிபந்தனை.

மறுநாள் அவள் கையில் அச்சடித்த காகிதம் ஒன்று கொடுத்தார்கள். 'இதனால் சகல ஜனங்களுக்கும்' என்று தொடங்கும். அவளுக்கு எழுத்து தெரியாது. காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தன் பாட்டுக்குத் தொடங்கினாள்.

"மக்களே! இன்னைக்கு மீனில்ல. நான் சும்மா வந்திருக்கேன், என் மூஞ்சியக் காட்ட வந்திருக்கேன். எல்லாரும் வாசலுக்கு வந்து பாத்துக்கிடுங்க. இந்த மூஞ்சி வேணுமா, கையில சின்னதா ஒரு குத்து வேணுமா? முத்தாரம்மன் ஒங்க அம்மைதானே? பெத்த அம்மை பிள்ளைக்கு மருந்து குடுக்காதன்னா சொல்லுவா?"

அன்று எங்கள் தெருவில் மட்டும் பாதி வீடுகள் கையை நீட்டின. கூச்சப்பட்டு ஒளிகிறவர்களை அவளுக்குப் பெயர் பெயராகத் தெரியும். யார் வீட்டில் எத்தனை பேர், யார் எவ்வளவு மீன் தின்பார்கள் என்று வருஷக்கணக்காகத் தெரிந்து வைத்திருந்தவள். "செக்கடி வீட்டுல ஏழு பேரு, அஞ்சு கைதான் வந்திருக்கு. மிச்சம் ரெண்டு எங்கே?" என்று வாசலில் நின்று கேட்டால் எப்படி ஒளிவது?

நான் ஒளிந்தேன். எங்கள் வீட்டில் நெல் போட்டு வைக்கும் பெரிய பத்தாயத்துக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். ஊசி என்றால் எனக்கு அவ்வளவு பயம். "வாத்தியாரு வீட்டு மருமவ எங்கே?" என்று அவள் கேட்டபோது, "பொறந்த வீட்டுக்குப் போயிருக்கா" என்று மாமியார் எனக்காகப் பொய் சொன்னாள்.

பத்து நாள் கழித்து எனக்குக் காய்ச்சல் அடித்தது. மூன்றாம் நாள் நெற்றியில் முத்துகள். நகரசபை வண்டி வாசலுக்கு வந்தபோது மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வண்டிக்குப் பக்கத்தில் ஒச்சைக்காரி நின்றாள். பொய் சொன்னதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏட்டி மக்கா, பயப்படாத. நான் அங்கதான் நிப்பேன். காதத் தொறந்து வச்சுக்கோ" என்றாள். வண்டி தெருவைத் தாண்டும் வரை அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நோயாளிகளுக்கு ஊருக்கு வெளியே, வயலுக்கு நடுவே பொற்றை என்கிற ஒரு சின்ன மேட்டின்மேல், ஓலைக் கொட்டகை போட்டிருந்தார்கள். கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து வயலில் வெறும் தாள் நின்றது. ரோட்டிலிருந்து கொட்டகைக்கு ஒரு பர்லாங் இருக்கும். ரோட்டோரப் பனைகளில் கயிறு கட்டி, அதைத் தாண்டி யாரும் வரக்கூடாது என்று உத்தரவு. உள்ளே வந்தவர்கள் குணமாகித் தலைக்குத் தண்ணீர் விடும்வரை வெளியே போக முடியாது. ஒரு தாதியும் இரண்டு ஊழியர்களும் எங்களோடு இருந்தார்கள். வீட்டிலிருந்து கொண்டுவருகிற கஞ்சியை வயல் நடுவில் ஒரு கல்லில் வைத்துவிட்டுப் போவார்கள், அவர்கள் கயிற்றுக்குத் திரும்பிய பிறகு ஊழியர் போய் எடுத்து வருவார்.

சொந்தக்காரர்கள் தினமும் வந்து கயிற்றருகே நின்று கத்துவார்கள். மலைக் கணவாயிலிருந்து வருகிற காற்று வயலின் குறுக்கே அடித்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். ஒன்றும் விளங்காது. ஒச்சைக்காரியின் குரலைக் காற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டாம் நாளிலிருந்து எல்லாருடைய சேதியும் அவள் வாய் வழியாகத்தான் வந்தது. எங்கள் பக்கத்துப் பதிலுக்குத் தாதி ஒரு வெள்ளைத் துணியை வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். ஒரு வீச்சு என்றால் ஆமாம், இரண்டு வீச்சு என்றால் இல்லை.

எனக்குப் பக்கத்துப் பாயில் ஒரு கொல்லர் கிடந்தார். அவர் மனைவி கயிற்றருகே வந்து பத்தாயத்துச் சாவியைக் காணவில்லை என்று அழுதாள். வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டதாம்.

"கொல்லரே! சாவி பரண்லயா?"

துணி இரண்டு முறை அசைந்தது.

"அடுக்களை மாடத்துலயா?"

மறுபடி இரண்டு.

"தொழுவத்துலயா? உலைப் பக்கமா? கெணத்தடியிலயா?" எல்லாவற்றுக்கும் இரண்டு. அவள் கொஞ்சம் நிறுத்தி யோசித்தாள்.

"ஓய், ஒம்ம மடியிலயா?"

கொல்லர் இடுப்பைத் தடவிப் பார்த்தார். தாதி தயங்கித் தயங்கி ஒரு முறை வீசினாள். ரோட்டில் எழுந்த சிரிப்பு காற்றையும் மீறி எங்களுக்குக் கேட்டது. கொல்லரும் சிரித்தார். பூட்டை உடைத்துக்கொள்ளும்படி ஒச்சைக்காரி கொல்லரின் மனைவிக்கு உத்தரவு கொடுத்தாள், கொல்லர் போட்ட பூட்டு ஆனதால் உடைக்க இரண்டு நாள் ஆனதாம். அந்தச் சேதியும் வந்தது.

ஒரு நாள் காலையில் சத்தமே கேட்கவில்லை. கடைசிப் பாயில் கிடந்த கயிறு திரிக்கிறவர் விடியும் முன்பே இறந்துபோயிருந்தார். அந்தச் சேதியை அவள் ரோட்டில் நின்று சொல்லவில்லை. அவர் வீட்டுக்கே நடந்து போய், உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாளாம். அவள் என்ன சொன்னாள் என்பது பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்கு நோய் முற்றியது. முத்துகள் இமைக்கு மேலும் உள்ளும் வந்து கண் இரண்டும் மூடிக்கொண்டன. திறக்குமா என்று தாதியைக் கேட்டேன். அவள் வேப்பிலையால் விசிறினாள். கண் போய்விட்டது என்று நானே முடிவு செய்தேன். முகமும் போய், கண்ணும் போய் வீட்டுக்குத் திரும்பி என்ன செய்ய? கஞ்சியை உதட்டருகே கொண்டுவந்தால் வாயை இறுக்கிக்கொண்டேன்.

என் கணவர் தினமும் வந்தார். அவர் கணக்கு வாத்தியார். அவர் பேசுவது முதல் பெஞ்சைத் தாண்டாது என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். வீட்டில் அதற்கும் குறைவு. தாயார் இருக்கும்போது என்னிடம் பேச மாட்டார், தாயார் எப்போதும் இருந்தாள். கல்யாணமாகி எட்டு மாதத்தில் பகல் வெளிச்சத்தில் என்னிடம் அவர் பேசியதைக் கையால் எண்ணிவிடலாம். கூப்பிட வேண்டுமென்றால் "இஞ்ச பாரு" என்பார். அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது.

கயிற்றருகே வந்தும் அவர் பேசவில்லை. ஒச்சைக்காரி விடுவாளா?

"ஏட்டி பகவதி! ஒன் மாப்பிள வந்து நிக்காரு. ஒண்ணும் சொல்லல்ல. சட்டையில பொத்தான் மாறிப் போட்டிருக்காரு."

மறுநாள்: "இன்னைக்கும் வந்தாரு. ஒண்ணும் சொல்லல்ல. தாடி வளருது."

அதற்கு மறுநாள்: "நிக்காரு. மெலிஞ்சு போனாரு. இவருக்கும் ஒங்க மாமியா சோறு போடுகதில்ல போல!"

அன்று நான் தண்ணீரையும் மறுத்திருந்தேன். அவள் தாதியிடம் கேட்டாள்.

"பகவதி கஞ்சி குடிச்சாளா?"

வாசலில் துணி படபடக்கிற சத்தம் இரண்டு முறை கேட்டது.

"வெள்ளமாவது குடிச்சாளா?"

மறுபடி இரண்டு முறை. 

"வாத்தியாரே, கேட்டீரா? இப்பமாவது வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லும். நான் எடுத்துச் சொல்லுகேன்." கொஞ்சம் இடைவெளி. "என்னது? ஒறக்கச் சொல்லும்." மறுபடி இடைவெளி. பிறகு அவள் குரல் மாறியது. "ஓ! இதா? இத நான் சொல்ல மாட்டேன். இது என் வாயிலேருந்து வரப்படாது. நீரே சொல்லும்."

அவர் ஏதோ மறுத்திருக்க வேண்டும்.

"வெக்கமா இருக்குன்னா எல்லாரும் திரும்பி நிப்பாங்க. ஏலே, எல்லாரும் அந்தாலே திரும்புங்க! திரும்புங்கன்னு சொல்லுகேன்லா!"

ரோட்டில் நின்ற அத்தனை பேரும், ஆபீசர் உட்பட, வயலுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றார்களாம்.

"இனி மூச்ச நல்லா இழும். நெஞ்சுலேருந்து வேண்டாம், வயித்துலேருந்து எடும். தூரத்துல கட்டுமரம் போகு, நீரு கரையில நிக்கீரு. கூப்பிடும்!"

முதல் தடவை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை உடைந்த ஓர் ஒலி வந்து பாதி வயலில் விழுந்துவிட்டது. மூன்றாம் தடவை, முன்பின் கேட்டிராத ஓர் ஆண்குரல் வந்தது.

"பகவதீ...! கஞ்சி குடி! நீ இல்லாம வீடு கொள்ளாது!"

கொள்ளாது என்றால் நன்றாயில்லை என்று பொருள். வீடு நன்றாயில்லையாம். அவர் என் பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. காற்று குறுக்கே அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் ஓர் எழுத்துக் குறையாமல் வந்து சேர்ந்தது. அவர் நிறுத்தவில்லை. வழி தெரிந்துவிட்டதால் அதையே மறுபடி மறுபடி கத்தினார்.

பக்கத்துப் பாயிலிருந்து கொல்லர் சொன்னார்: "பிள்ளே, சட்டுனு குடிச்சிரு. இல்லன்னா மனுசன் விட மாட்டாரு போலிருக்கு."

சிரித்தேன். உதட்டில் வெடித்த முத்துகள் சுரீரென்று வலித்தன. தாதி கஞ்சியை வைத்தாள், குடித்தேன். உப்புப் போட்ட வெறும் கஞ்சி. பாத்திரம் காலியானதும் தாதி வாசலுக்கு ஓடினாள். துணி ஒரு முறை படபடத்தது. பிறகு நிற்கவே இல்லை. வீசிக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கமிருந்து ஒச்சைக்காரி பதிலுக்கு ஒரு கூவல் போட்டாள். அதில் வார்த்தை ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து ஆறாம் நாள் வலது கண் திறந்தது, மறுநாள் இடது கண். முதலில் தெரிந்தது ஓலைக் கூரையின் இடுக்கில் ஒரு சின்ன வெளிச்சம்.

அன்று அவர் முதலில் அவளிடம் முணுமுணுத்தது என்ன என்று பின்னாளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவரிடம் கேட்டால் காது சிவந்து எழுந்து போய்விடுவார். அவளிடம் கேட்டால், "பைய சொல்லத் தெரிஞ்சா சொல்லிருவேன் மக்கா. எனக்குத்தான் தெரியாதே" என்று சொல்லிக் கடவத்தைத் தூக்கிக்கொள்வாள்.

சித்திரைக் கடைசியில் கொட்டகை காலியானது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் விட்டு, புதுத்துணி உடுத்தி எங்களை வரிசையாக வயலுக்குள் இறக்கினார்கள். பின்னால் ஆபீசர் தன் கையாலேயே கொட்டகைக்குத் தீ வைத்தார். ஓலை சடசடவென்று எரிந்தது. ரோட்டில் ஊர் கூடியிருந்தது. ஊர் திருவிழாவுக்கு நிற்கிற மாதிரி நின்றது. யாரோ வெடிகூடக் கொண்டுவந்திருந்தார்கள்.

ஆபீசர் பெயர்ப் பட்டியலை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது பெயருக்குள் "சாறே, இது ஒம்மால ஆகாது" என்று ஒச்சைக்காரி முன்னால் வந்தாள். பட்டியல் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருவரும் கயிற்றைத் தாண்டும்போது பெயர், தெரு, யாருக்கு என்ன உறவு எல்லாம் சேர்த்து ஊருக்கு அறிவித்தாள். கொல்லர் தாண்டியபோது மடியைத் தட்டிப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கயிறு திரிக்கிறவரின் மனைவி கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் ஒச்சைக்காரி அறிவிப்பை நிறுத்திவிட்டுப் போய், அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டாள். கடைசிவரை அந்தக் கையை விடவில்லை.

என் முறை வந்தது. நான் முந்தானையால் முகத்தை மூடியிருந்தேன்.

"பகவதி! கணக்கு வாத்தியாரு வீட்டுக்காரி! கண்ணு ரெண்டும் கொள்ளாம், காலு மட்டும் இன்னும் ஒறைக்கல்ல!"

கூட்டத்திலிருந்து என் கணவர் வந்தார். தாயார் பார்த்துக்கொண்டிருந்தாள், ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. என் கையிலிருந்த துணி மூட்டையை வாங்கிக்கொண்டார். முந்தானை நழுவியது. அவர் என் முகத்தைப் பார்த்தார். எல்லாத் தழும்பையும் பார்த்தார். "போவோமா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் புருஷன் முன்னால் பத்தடி போவான், பெண்டாட்டி பின்னால் போவாள். அவரும் வழக்கம்போல வேகமாக முன்னால் நடந்துவிட்டார். எனக்குக் கால் தள்ளாடியது. அப்போது பின்னாலிருந்து வந்தது:

"வாத்தியாரே! பைய நடயும்! அவ பின்னால வாறா!"

அவர் நின்றார். நான் பக்கத்தில் வந்து சேரும்வரை நின்றார். அதன்பிறகு என்னோடு கூட அடியெடுத்து வைத்தார். அதற்குப் பிறகு அவர் வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.